அஞ்சுகத்தின் வாயில் ஒட்டிய தோல்

காரைக்கால்மேட்டில் போய் அஞ்சுகத்தைப் பற்றிக் கேட்டால், "பாவம், வாயில நோவு வந்து செத்துப்போச்சு" என்பார்கள். அண்டப்புளுகு. நோவை வேரோடு வெட்டி எடுத்துப் பீங்கான் தட்டில் போட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தத் தட்டைக் கழுவியவனும் நான்தான். அந்த நோவு அவளுக்குத் திரும்ப வரவே இல்லை. அவளைக் கொன்றது ஊர். ஊருக்கு எடுத்துக் கொடுத்தது என் வாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் செல்லையன் பூசி மெழுகினான் என்று சொல்லக் கூடாது.

நான் டிரஸ்ஸர். காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் புண் கழுவிக் கட்டுப் போட்டேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் சேர்ந்து, கொடி மாறிய பிறகும் அதே வாளி, அதே பஞ்சு, அதே நாற்றம். பிறந்த ஊர் கருக்களாச்சேரி. அஞ்சுகமும் அந்த ஊர்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

பதினைந்து வயதில் அவளைக் காரைக்கால்மேட்டில் கட்டிக் கொடுத்தார்கள். குழந்தை இல்லை. அதற்கு அவள் வாங்கிய பேச்சையெல்லாம் எழுதினால் காகிதம் போதாது. ஐம்பத்திரண்டாம் வருஷப் புயலில் புருஷன் போய்ச் சேர்ந்தான். உடம்பு மூன்றாம் நாள் ஒதுங்கியது. இடுப்பில் கட்டியிருந்த அரைஞாணைப் பார்த்துத்தான் அவன் என்று அடையாளம் சொன்னாள். பிறந்த வீட்டில் யாரும் மிச்சம் இல்லை, புகுந்த வீட்டில் யாருக்கும் அவள் வேண்டாம். கூடை தூக்கித் தெருத்தெருவாக மீன் விற்றாள்.

அவளுக்கு இருந்த சொத்து தொண்டை ஒன்றுதான். கடல் கொந்தளிக்கிற நாளில் இந்தக் கரையில் நின்று அவள் கூப்பிட்டால் உள்ளே இருக்கிற கட்டுமரத்துக்காரன் திரும்பிப் பார்ப்பான். ஒருநாள் கரைவலை இழுத்ததில் மலை போல வாளைமீன் குவிந்து கிடந்தது. ஏலம் கூறுகிற கிழவருக்குச் சளி கட்டிக் குரல் எழும்பவில்லை. வியாபாரிகள் ஆளாளுக்கு ஒரு விலை கேட்டு அடிதடிக்குப் போய்விட்டார்கள். கூட்டத்திலிருந்து அஞ்சுகம் கத்தினாள்.

"ஏ, வாளை வாளை வாளை. வெள்ளிக் கம்பி வாளை. கேக்குறவுக கேளுங்க. கேக்காதவுக வூட்டுக்குப் போயி வெறுஞ்சோறு தின்னுங்க."

சிரிப்பு கிளம்பியது. சண்டை நின்றது. அவளே கூறி முடித்தாள். மறுநாள் ஊர்த் தலைவர் காத்தமுத்து நாட்டார் அவளைக் கூப்பிட்டு, "இனிமே நீயே கூறு ஆயி. உசுரு இருக்கறவரைக்கும் உனக்குத்தான்" என்றார். காத்தமுத்து அவள் புருஷனுக்கு மாமன் முறை. ஒரு பொம்பளையிடம் ஏலத்தைக் கொடுக்கலாமா என்று முனகியவர்களையும் அவரே அடக்கினார். இதையும் நான் மறைக்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அவள் அஞ்சுகம் இல்லை, ஏலக்காரி. பெரிய பெரிய வியாபாரிகளையெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். கருவாட்டு வியாபாரி நாகூர் மீரான் ஏலத்தில் வாயைத் திறக்காமல் நின்றால், "மீரான் பாய், கண்ணு மீன்ல இருக்கு, கை மட்டும் ஏன் மடிய விட்டு வரமாட்டேங்குது" என்பாள். அவர் வெட்கப்பட்டு விலையை ஏற்றிவிடுவார். பத்து வருஷம் மலடி என்று பேசிய அதே கரை, அவள் வாயைத் திறந்தால் காது கொடுத்தது. அதற்காகவே அவள் விடியும் முன் எழுந்து கரைக்கு ஓடினாள் என்று நினைக்கிறேன். சோற்றுக்காக மட்டும் இல்லை.

கெட்ட பழக்கம் ஒன்று. புகையிலை. இடது கன்னத்தில் ஓர் உருண்டை எப்போதும் அடங்கி இருக்கும். ஏலம் கூறும்போதும் இருக்கும், தூங்கும்போதும் இருக்கும். ஐம்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் அந்தக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"தம்பி, நாலு மாசமா ஒரு புண்ணு. காரம் பட்டா உசுரு போவுது. ஏதாவது தண்ணி மருந்து தடவி வுடு."

விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தேன். நான் தடவுகிற மருந்துக்கு அடங்குகிற புண் இல்லை அது. ஆல்போன்ஸ் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆல்போன்ஸ் டாக்டரைப் பற்றி நாலு வார்த்தை. தமிழர்தான், பிரெஞ்சுக் குடியுரிமை. சைகோனில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் கத்தி பிடித்தவர். மனிதர்களை அவருக்குப் பிடிக்காது, புண்களைப் பிடிக்கும். நாங்கள் ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசே என்போம். அவர் எங்களை ஏய் என்பார்.

கன்னத்தைப் பிதுக்கிப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். கைகழுவிக்கொண்டே சொன்னார்.

"புற்று. கழுத்துக்கு இன்னும் இறங்கல. கன்னத்தின் உள்பக்கம் உள்ளங்கை அகலம் வெட்டி எடுக்கணும். வெட்டுனா பிழைப்பே. ஆனா வெட்டுன இடம் சும்மா விட்டா சுருங்கி ஆறும். சுருங்கினா தாடையை இழுத்துப் பூட்டிடும். வாய் திறக்காது."

சாவைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "கூற முடியுமா, முடியாதா, அதச் சொல்லுங்க" என்றாள்.

"மேலே ஒரு தோல் போட்டுத் தைச்சா முடியும்."

"என்ன தோலு?"

"மருந்துத் தோல். உனக்கு எதுக்கு அது?"

அவள் வெளியே போனதும் என்னிடம் சொன்னார். குழந்தை வயிற்றுக்குள் ஒரு தண்ணீர்ப் பையில் இருக்கிறது அல்லவா, பனிக்குடம், அதன் உள்தோல்தான் அது. வெங்காயச் சருகைப் போல மெல்லிசு. பச்சைப் புண்மேல் அதைப் பரப்பித் தைத்தால் புண் அழுகாது, சுருங்காது, வலிக்காது. அதன் அடியில் அவளுடைய சொந்தத் தோலே மெல்ல ஊர்ந்து வந்து மூடிவிடும். மூடியதும் மேலே போட்டது கரைந்து போகும். சைகோனில் தீப்பட்ட சிப்பாய்களுக்குப் போட்டுப் பார்த்தவர். வாய்க்குள் போடுவது அவருக்கே முதல் தடவை.

"எங்கேர்ந்து வந்ததுன்னு அவகிட்டயும் சொல்லாதே, எவன்கிட்டயும் சொல்லாதே. ஒண்ணு சொன்னா நாலு கதை கட்டுவாங்க" என்றார். தலையை ஆட்டினேன்.

தோலுக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பெற வருகிறவர்களே குறைவு. வருகிறவர்களும் சட்டியோடு வருவார்கள். பிள்ளை கைக்கு வரும் முன்பே நச்சுக்கொடி எங்கே என்று கேட்டு வாங்கிச் சட்டியில் வைத்து மூடிக்கொண்டு போய்ப் புதைத்துவிடுவார்கள். இரண்டு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி காறித் துப்பினாள். மூன்றாவதாகக் கப்பல்காரர் வீட்டுப் பெண் கமருன்னிசா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவள் தாயார் ஆஸியா பீவியிடம் கூச்சத்தை விட்டு, யாருக்கு என்று மட்டும் மறைத்து, விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"கொடியக் குடுத்துருங்க தம்பி, அத அடக்கிறணும். தோலு ஒரு உசுருக்கு ஆவுமுன்னா எடுத்துக்கிடுங்க. அல்லா பொருந்திக்கிடுவான்."

பெரிய மனசு. அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும்.

காலையில் பிள்ளை பிறந்தது. மத்தியானம் அஞ்சுகத்தை மேசையில் ஏற்றினோம். காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரில் அந்தத் தோலைப் பன்னிரண்டு தடவை அலசினேன். விரலில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. டாக்டர் அதைப் பரப்பி, நீவி, சுற்றிலும் தைத்து, மேலே மெழுகு தடவிய துணியைத் திணித்துக் கட்டினார். பத்து நாள் குழாயில் கஞ்சி ஊற்றினேன். புகையிலை கேட்டுக் கையால் சைகை காட்டி அழுதாள். நான் கொடுக்கவில்லை. பதினோராம் நாள் துணியை எடுத்தபோது டாக்டர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன், முதலும் கடைசியுமாக. கன்னம் உள்ளே ரோஜா நிறத்தில் வழவழவென்று இருந்தது.

பிறகு ஒரு மாதம் மர ஆப்பு. தினம் காலையும் மாலையும் பல்லிடையில் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக அகட்ட வேண்டும். கண்ணில் தண்ணீர் கொட்டும், நிறுத்தச் சொல்ல மாட்டாள். ஒரு விரல் நுழைந்தது, இரண்டு நுழைந்தது, மூன்று விரல் நுழைந்த அன்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "ஏ, வாளை வாளை வாளை" என்று ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், பக்கத்து வார்டில் தூங்கிய கிழவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மவராசியாகக் கரைக்குத் திரும்பிப் போனாள். ஏலம் அவளுக்கே திரும்பி வந்தது.

கதை இங்கேயே முடிந்திருக்கும். என் நாக்கு சும்மா இருந்திருந்தால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாராயக்கடையில் உட்கார்ந்திருந்தேன். காரைக்கால்மேட்டு ஆட்கள் நாலைந்து பேர். ஒருவன் சொன்னான், "ஏலக்காரி வாய்க்குள்ள நாய்த் தோல வச்சித் தச்சிருக்கானாம் அந்த டாக்டரு. அதான் அந்தக் கொரலு." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நாற்பது நாள் நான் கஞ்சி ஊற்றி, ஆப்பு வைத்துத் திறந்த வாயை நாய் வாய் என்பதா?

"நாயித் தோலுங்கறியே, அறிவிருக்கா ஒனக்கு? அது பனிக்குடத் தோலு. பெரிய வூட்டுப் புள்ள இருந்த பனிக்குடம். என் கையால அலசினேன். நீயும் நானும் பொறந்த தோலுதான்டா அது" என்றேன்.

சிரிப்பு நின்றது. ஒருவன் கிளாசைக் கீழே வைத்தான். அந்த நிமிஷமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், நானும் அந்தக் கரையில் பிறந்த நாய்தானே. புரியவில்லை. அவர்கள் வாயை அடைத்துவிட்டேன் என்று பெருமையாக இன்னொரு கிளாஸ் வாங்கினேன்.

எங்கள் கரையில் பிள்ளைபெற்ற தீட்டு எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். பிள்ளை பிறந்த வீட்டார் பதினாறு நாள் கட்டுமரத்தைத் தொடமாட்டார்கள், வலையைத் தாண்டமாட்டார்கள், கரைக்கு வந்த மீனருகே நிற்கமாட்டார்கள். நின்றால் கடல் கொடுக்காது. அந்தப் பதினாறு நாள் பிள்ளை பிறந்த நாளிலிருந்து கணக்கில்லை. நச்சுக்கொடியைப் பனிக்குடத்தோடு சேர்த்துப் புதைத்த நாளிலிருந்துதான் கணக்கு. புதைக்காதவரை தீட்டு தீராது.

என் கெட்ட நேரம், அந்த வாரம் கடலில் சொறிமீன் இறங்கியது. வலை போட்டால் வலை முழுக்க வழுவழுவென்று சொறி. தொட்டால் கை அரிக்கும், விற்றால் காசு பெறாது. வருஷா வருஷம் வருவதுதான். ஆனால் அந்த வருஷம் காரணம் கையில் தயாராக இருந்தது. முதலில் பெண்கள் அவள் நின்ற மணலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பிறகு அவள் கூறிய மீனை வாங்க மறுத்தார்கள். ஒருத்தி அவள் முகத்துக்கு நேரே, "வயித்துல வராதது வாயில வந்துருக்கு" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அஞ்சுகம் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நெசமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தலையைக் குனிந்தேன். அவள் திட்டவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அங்கேயே குந்தி உட்கார்ந்தாள்.

"எனக்கே தெரியாம எனக்கு ஒரு தீட்ட வச்சி அனுப்பியிருக்கியே" என்று மட்டும் சொன்னாள்.

வலைக்கொட்டகையில் பஞ்சாயத்து கூடியது. நான் டாக்டரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அழைத்துப் போனேன். கோட்டும் பூட்சுமாக மணலில் வந்து நின்றார். அஞ்சுகம் ஓரமாக, எல்லோருக்கும் பத்தடி தள்ளி உட்கார வைக்கப்பட்டிருந்தாள். காத்தமுத்து நாட்டார் மரியாதையாகவே கேட்டார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததே இல்லை.

"டாக்டரய்யா, ஒங்க வித்தையில நாங்க குத்தஞ் சொல்லல. இந்தப் பொண்ணு எங்க வூட்டுப் பொண்ணு. ஆனா கேக்குறேன். அந்தத் தோல எப்பப் பொதச்சீங்க?"

"புதைக்கல. அது இப்ப இல்லவே இல்ல. கரைஞ்சு போச்சு. இப்ப வாயில இருக்கறது அவளோட சொந்தத் தோல்."

"கரைஞ்சி எங்க போச்சு?"

"உடம்புக்குள்ளே."

கொட்டகை முழுக்க ஒரு முனகல். டாக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. காத்தமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அவ ஒடம்பு பூராவும்ல தீட்டு ஆயிப்போச்சு. வாயில இருந்தாலும் ஒரு வழி உண்டு. ஒடம்புல ஊறிப்போனத எத்தனை நாளு வச்சிக் கழிக்கிறது? கரையில இருக்க முடியாதே ஆயி. ஊரையே வுட்டுத்தானே போவணும்."

டாக்டர் கை அசைத்து என்னவோ விளக்க ஆரம்பித்தார். அப்போது அஞ்சுகம் எழுந்தாள்.

"மாமா, அவரு சொல்லுறது பொய்யி. கரையல. இன்னும் இருக்கு. நாக்கால தொட்டா தெரியுது."

டாக்டர் அவளையே பார்த்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் காருக்கு நடந்தார். உயிரைக் காப்பாற்றியவனை நாலு பேர் மத்தியில் பொய்யன் ஆக்கிவிட்டாள். ஆனால் வேறு என்ன செய்வாள்? உடம்பில் ஊறியது என்றால் ஊரைவிட்டுத் துரத்துவார்கள். வாயில் இருக்கிறது என்றால் எடுக்கலாம், புதைக்கலாம், பதினாறு நாள் எண்ணலாம், திரும்பி வந்து கூறலாம். நாக்கால் தொட்டுப் பார்த்து உண்மையாகவே அப்படி நம்பினாளா, கணக்குப் போட்டுச் சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அப்ப எடுத்துப் பொதச்சிட்டு வா. பதினாறாம் நாளு கழிச்சி ஏலம் ஒனக்குத்தான். பொம்பளைங்க ரெண்டு பேரு கூட நின்னு பாக்கட்டும்" என்று காத்தமுத்து முடித்தார். நியாயமான தீர்ப்பு என்று எல்லோரும் எழுந்து போனார்கள்.

மறுநாள் என்னிடம் வந்தாள். "நீதானே அலசுன. நீயே எடுத்துக் குடு" என்றாள். முடியாது என்றேன். நல்ல தோலைக் கிழித்தால் பழையபடி சுருங்கி வாய் பூட்டிக்கொள்ளும் என்றேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொன்னேன்.

"அக்கா, கசாப்புக்கடையில ஆட்டுச் சவ்வு வாங்கியாறேன். ரெண்டு சொட்டு ரத்தத்துல தோச்சிக் குடுக்குறேன். கையில ஒளிச்சி வச்சிக்கிட்டு வாயிலேர்ந்து எடுத்த மாதிரி காட்டிப் பொதச்சிடு. யாருக்குத் தெரியும்?"

"கடலம்மாவுக்குத் தெரியாதா? ஒருத்தன அவளுக்குத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறவ நான். இன்னும் நாப்பது மரம் உள்ள போவுது. எவ புருஷனாவது போனா அந்தப் பாவம் எனக்கா ஒனக்கா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப எக்கேடோ கெட்டுப் போ" என்றேன். சொன்னேன், மறைப்பானேன்? அன்றைக்கு நானே கூரான கத்தியால், காய்ச்சிய தண்ணீரில் கழுவி, நகக்கண் அளவு தோலை மேலாகச் சீவிக் கொடுத்திருந்தால் அவள் மனசும் ஆறியிருக்கும், வாயும் தப்பியிருக்கும். அந்தப் புத்தி நாலு நாள் கழித்துத்தான் வந்தது.

அவள் கிளிஞ்சலை உடைத்து அதன் விளிம்பால் சுரண்டினாள். காலை வெயிலில், கரையில் வைத்து, இரண்டு பெண்கள் பார்க்க. அதில் ஒருத்தி பிறகு ஆஸ்பத்திரிக்கு வேறு காரியமாக வந்தபோது என்னிடமே கதை கதையாகச் சொன்னாள். ரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்ததாம். நிறுத்திவிட்டு வாயைத் திறந்து காட்டினாளாம். இவர்கள் எட்டிப் பார்த்து, "இந்த ஓரத்துல இன்னும் வழவழன்னு இருக்கு" என்றார்களாம். மறுபடியும் சுரண்டினாளாம். "பல்லுக்குப் பின்னால கொஞ்சம்" என்றார்களாம். அதையும் சுரண்டினாளாம். சட்டியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு மூடிப் புதைத்துவிட்டு, கடல் தண்ணீரில் வாய் கொப்பளித்தாளாம். "நல்ல மனத்தைரியம் அண்ணே" என்று சொல்லி முடித்தாள் அந்தப் பெண். அவள் கைப்புண்ணுக்கு நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இறுக்கியே கட்டினேன்.

காய்ச்சலோடு அஞ்சுகத்தைத் தூக்கி வந்தபோது கன்னம் குரங்கு அடக்கிய மாதிரி வீங்கியிருந்தது. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"பொய்க்காரன் ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வந்தே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் அவள் கட்டில் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. வந்து நின்று, "நாளைக்கு ஒரு பிரசவம் இருக்கு. தோல் கிடைக்கும். இன்னொரு தடவை போடலாம். இப்ப போட்டா வாய் பிழைக்கும்" என்றார்.

அஞ்சுகம் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பதினாறு நாளில் நாலு நாள் கழிந்திருந்தது. இன்னொரு தோல் போட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆப்பு வைக்கவும் விடவில்லை. ஆப்பை நீட்டினால் என் கையைத் தட்டிவிட்டாள். நான் கத்தினேன், கும்பிட்டேன், அழுதேன்கூட. காதில் வாங்கவில்லை. புண் அதன்பாட்டுக்கு ஆறியது. ஆற ஆறக் கன்னத்துக்குள் கயிறு முறுக்கின மாதிரி தழும்பு திரண்டு தாடையை இழுத்தது.

பதினேழாம் நாள் காலையில் தலைமுழுகி, வெளுத்த சேலை உடுத்திக் கரைக்குப் போனாள். நானும் லீவு போட்டுவிட்டு ஓடினேன். சொறி எப்போதோ போய்விட்டது, அன்றைக்கு இழுத்த கரைவலையில் சங்கராவும் வாளையுமாகக் கொட்டிக் கிடந்தது. காத்தமுத்து எல்லோரையும் விலக்கி அவளை நடுவில் விட்டார். மஞ்சள் தண்ணீர் தெளித்த அதே பெண்கள் சிரித்த முகமாக இடம் விட்டார்கள்.

"தீட்டு கழிஞ்சிச்சு. கூறு ஆயி" என்றார்.

அஞ்சுகம் மீன் குவியலின் முன் நின்று மூச்சை இழுத்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு கீற்றுதான் திறந்தது, சுண்டு விரல் நுழையாது. உள்ளேயிருந்து ம்ம்ம் என்று மாடு முக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மறுபடி இழுத்து முக்கினாள். அதே சத்தம். யாரோ பின்வரிசையில் சிரித்தான், பக்கத்திலிருந்தவன் அவனை இடித்தான். நாகூர் மீரான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். காத்தமுத்து நெடுநேரம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் முறையும் அவள் முயன்ற பிறகு, பக்கத்தில் நின்ற ஒருவனைத் தொட்டு, "நீ கூறுடா, மீனு வெயில்ல கெடக்கு" என்றார்.

அவன் கூறினான். எல்லாம் விற்றது. அவள் கடைசி வரை அங்கேயே நின்றாள்.

ஊர் அவளைப் பட்டினி போடவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். தினம் ஒரு பிடி மீன் கொடுத்தார்கள், அவள் மென்று தின்ன முடியாத மீன். கரையைப் பெருக்கினாள், கருவாட்டுக்குக் காக்கை ஓட்டினாள். காக்கையைக்கூட அவளால் சத்தம் போட்டு ஓட்ட முடியாது, கம்பால் தரையைத் தட்டுவாள். கடைவாய்ப் பல் போன சந்து ஒன்று இருந்தது. அதன் வழியாகப் பச்சைப்பிள்ளைக்கு ஊற்றுகிற பாலாடையால் கஞ்சி ஊற்றிக்கொள்வாள். வருஷம் போகப் போக அந்தச் சந்தும் இறுகியது. ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் செத்துப்போனாள். தூக்கினால் ஒரு குடத் தண்ணீர் கனம் இல்லை. டாக்டர் வந்து கழுத்தையும் கன்னத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, புற்று எங்கேயும் இல்லை என்றார்.

பாடை தூக்கும் முன் வாய்க்கரிசி போட வேண்டும். உறவு என்று காத்தமுத்துதான் முதலில் குனிந்தார். விரலால் உதட்டைப் பிரித்தார். பல் இறுகிப் பூட்டியிருந்தது. அரிசியை வைத்தார், கன்னத்தில் உருண்டு பாயில் விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி உருண்டது. ஒருவன், "பாக்குவெட்டி கொண்டாந்து நெம்பட்டுமா?" என்றான். காத்தமுத்து கையைக் காட்டித் தடுத்தார்.

"வேண்டாம். ஒதட்டு மேல வச்சாலே போதும். எல்லாம் ஒரு சாங்கியந்தானே. கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா ஒண்ணும் கொறஞ்சி போயிடாது."

"இத அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே மாமா" என்றேன்.

"எத?" என்று கேட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று என்னை நெருக்கினார்கள். நானும் என் பிடி அரிசியை அவள் உதட்டின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தேன்.